சிப் போடும் நாளில் நகத்தைத் தொடாதீர்கள்

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டைப் பற்றி இந்த இதழின் நிலை என்ன என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வரவேற்கிறோம். 15 இலக்க எண் இருந்தால் காணாமல்போன நாய் வீடு திரும்ப வழியுண்டு. தெருவில் இறக்கிவிட்டுப் போனவர் யாரென்று தெரியவரும். வெறிநோய்த் தடுப்பூசியின் தவணையைத் தவறவிட்டவர்களையும் கண்டுபிடிக்கலாம். ரீடர், ஊசியின் தடிமன், சிப் இடம் நகர்வது பற்றியெல்லாம் நீங்கள் அறிவீர்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை.

என் கவலை வேறு. அபராதத்துக்குப் பயந்து, இதுவரை மருத்துவமனைப் படியே ஏறாத நாய்கள் இப்போது வரிசையில் நிற்கின்றன. மூன்று வயது, ஐந்து வயது ஆகியும் அந்நியர் கை மேலே படாத நாய்கள். மேசையில் ஏற்றி, இரண்டு பேர் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே சிப் இறங்கியதும் உரிமையாளர் அடுத்துச் சொல்லப்போவது நமக்கெல்லாம் மனப்பாடம்: "டாக்டர், பிடிச்சதுதான் பிடிச்சாச்சு, அப்படியே நகத்தையும் வெட்டி விட்டுடுங்க. வீட்டுல காலைத் தொடவே விடமாட்டேங்குது."

வெட்டாதீர்கள். ஊசி ஒரு நொடியில் முடிந்துவிடும். பெரும்பாலான நாய்கள் அதை மறந்தும்விடும். 18 நகங்களையும் பிடித்து அமுக்கி வெட்டக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை அது மறக்காது. அடுத்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கத் தடுப்பூசி வேண்டும். தடுப்பூசிக்கு நாய் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும். கேட்டருகே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வர மறுக்கும் நாயோடு மல்லுக்கட்ட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? போராடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் தவறவிடுவது நகவெட்டை மட்டுமல்ல, வெறிநோய்த் தடுப்பூசியையும்தான்.

'தொட விடமாட்டேங்குது' என்பதைக் குணம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோகும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. முதலில் விரலிடுக்கைப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மலசீசியா பிடித்துச் சிவந்து கன்றிய பாதம், இடுக்கில் புதைந்திருக்கும் உண்ணி, வயதான லாப்ரடாரின் தேய்ந்த முழங்கை மூட்டு, எப்போதோ ஒருவர் க்விக் வரை வெட்டி ரத்தம் வரவைத்த நினைவு: இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், காலை உருவிக்கொள்ள அந்த நாய்க்கு நியாயம் இருக்கிறது. காலை மடக்கி இழுக்கும்போது வலிக்கிற மூட்டுக்கு முதலில் வலிநிவாரணி, கிளிப்பர் அப்புறம்.

உண்ணியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எர்லிக்கியா இவ்வளவு மலிந்த ஊரில் கறுப்பு நகத்தைக் கண்மதிப்பில் வெட்டுவது துணிச்சலான காரியம். ஸ்டிப்டிக் பவுடர் வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பவுடர் அப்பி அனுப்பிவிடாதீர்கள். பிளேட்லெட் எண்ணிக்கையைப் பாருங்கள். அறிகுறி எதுவும் காட்டாமல் இருந்த நாய்க்கு, நகத்திலிருந்து நிற்காத ரத்தமே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

பக், ஷிட்சு உரிமையாளர்கள் கேட்கும்போது இன்னும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கழுத்தை இறுக்கிப் பிடித்த பிடியில் விழி பிதுங்கி வெளியே வந்த கேஸை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கூட்டம் நிறைந்த, காற்றோட்டமில்லாத அறையில், துணி வாய்மூடி கட்டி, வாயைத் திறந்து இளைக்கவும் விடாமல் பிடித்துவைத்தால், நகம் வெட்ட வந்த நாய் ஆக்சிஜன் கூண்டுக்குள் போகும். வாய்மூடி வேண்டுமென்றால் கூடை வடிவில் உள்ளதை வாங்கச் சொல்லுங்கள். அதையும் வீட்டிலேயே தீனி வைத்து ஒரு வாரம் பழக்கச் சொல்லுங்கள். பூனையைப் பிடரியில் கவ்வித் தூக்கும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடலாம். 2022-இல் வெளியான சர்வதேசப் பூனை மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தரையைத் தொடாத கட்டைவிரல் நகம் வளைந்து வளர்ந்து சதைக்குள் இறங்கியிருந்தால், அல்லது கிழட்டுப் பூனையின் தடித்த நகம் பாதமெத்தையைத் துளைத்திருந்தால், அன்றே செய்தாக வேண்டும். அதையும் முறையான செடேஷனும் வலிநிவாரணியும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், நான்கு பேர் சேர்ந்து அமுக்கியல்ல.

மற்றவர்களுக்கு நாள் குறித்துக் கொடுங்கள். பூனைக்கு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் காபாபென்டின். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறையுங்கள். நாய்க்குத் தேவைப்பட்டால் டிரசடோன். சீட்டில் எழுதும்போது 'காபாபென்டின் மட்டும்' என்று அடிக்கோடிட்டு எழுதுங்கள். நம் மெடிக்கல் ஷாப்புகளில் மீத்தைல்கோபாலமினோ நார்ட்ரிப்டிலினோ சேர்த்த கூட்டு மாத்திரைகள்தான் எளிதாகக் கைக்கு வரும், அதையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அசிப்ரோமசினை மட்டும் கொடுத்து அனுப்பும் பழைய வழக்கத்துக்கு இனி இடம் வேண்டாம். அது நாயை அசையவிடாமல் செய்யுமே தவிர, பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியதை வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டுங்கள். முதல் வாரம் காலைத் தொட்டால் தீனி, அவ்வளவுதான். பிறகு கிளிப்பரைக் காட்டித் தீனி. பிறகு நாளைக்கு ஒரே ஒரு நகம், அதுவும் நுனி மட்டும். 18 நாளில் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதல் விரலுக்கு வரும்போது க்விக்கும் மெல்லப் பின்வாங்கத் தொடங்கியிருக்கும். நாய் காலை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். 'வேண்டாம்' என்று தான் சொன்னால் கேட்பார்கள் என்று தெரிந்த நாய்தான் மறுநாள் காலை நீட்டும். கிளிப்பரைக் கண்டாலே ஓடும் நாய்க்கு, ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்து வைத்து, அதைத் தானே பிறாண்டப் பழக்கலாம். முன்னங்கால் நகங்களுக்கு அது போதும். கட்டைவிரல் நகத்துக்கு உதவாது. டைல்ஸ் தரையில் பிறந்து டைல்ஸ் தரையிலேயே வளரும் அடுக்குமாடி நாய்களுக்கு இதைவிட மலிவான உபகரணம் இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்க இருபது நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்குக் கட்டணம் வாங்கத் தயங்காதீர்கள். நகம் வெட்டுவதைத் தடுப்பூசியோடு இலவச இணைப்பாகக் கொடுத்துப் பழக்கியது நாம்தான்.

இனி அதிகாரிகளுக்கு. உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று கேட்கிறீர்கள், முகவரி கேட்கிறீர்கள், சிப் எண் கேட்கிறீர்கள். அந்த நாயைத் தொட முடியுமா, எங்கே தொட்டால் கடிக்கும், என்ன மருந்து கொடுத்தால் அமைதியாகும் என்று ஒரு வரியாவது கேட்டால் என்ன? ஆயிரக்கணக்கான நாய்களை மனிதர் கைகளில் ஒப்படைக்க வைக்கும் ஒரு திட்டத்தை வகுத்தபோது, கைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பிடிப்பவருக்குப் பயிற்சி இல்லை. நாய்க்கும் பூனைக்கும் தனித்தனிக் காத்திருப்பு அறை இல்லை. வழுக்கும் மேசை மேல் விரிக்க ஒரு ரப்பர் பாய் கூட இல்லாத இடங்கள் உண்டு. நாள் முடிவில் எத்தனை சிப் போடப்பட்டது என்ற கணக்கு மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது.

தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் குரூமிங் கடைகளையும் எண்ணிப் பாருங்கள். வணிக உரிமம் இருந்தால் போதும், கிளிப்பரைக் கையில் எடுத்துவிடலாம். தகுதி என்னவென்று கேட்பாரில்லை. அடங்காத நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து நகம் வெட்டித் தருவதாகச் சொல்லும் கடைகளைப் பற்றி நம் வாசகர்கள் எழுதியபடி இருக்கிறார்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் பதிவு பெற்ற மருத்துவருக்கே தரும் உரிமை அது. மீறுகிறவர்களைத் தேடிப் பிடிக்க எந்தக் குழுவும் புறப்பட்டதாகத் தெரியவில்லை. சிப் இல்லாத நாயைத் தேடித்தான் வீடு வீடாகப் போகிறார்கள்.

இன்னொரு கணக்கையும் அதிகாரிகள் போட்டுப் பார்க்கட்டும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. தேவையற்ற வலியை உண்டாக்கும் விதத்தில் விலங்கை நடத்தினால், முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த உச்சவரம்பு மாறவில்லை. நாயின் பெயரில் ஒரு தாள் இல்லையென்றால் 5,000 ரூபாய். அதே நாயைக் கட்டிப்போட்டு அலற அலற நகத்தைச் சதையோடு வெட்டினால் 50 ரூபாய். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல், பூனைக்குப் பயணத்திலும் மருத்துவமனையிலும் ஏற்படும் பயத்துக்கென்றே பிரிகாபாலின் கரைசலை அனுமதித்தது. ஐரோப்பா அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அனுமதித்துவிட்டது. விலங்கின் பயத்தைச் சிகிச்சைக்குரிய ஒன்றாக அரசு அமைப்புகள் அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டன. இங்கே பயம் என்ற சொல் ஒரு படிவத்தில்கூட இடம்பெறவில்லை.

புதுப்பிக்கும் படிவத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும், முகாம்களில் சிப்பும் தடுப்பூசியும் தவிர வேறெதையும் அதே நாளில் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட வேண்டும். இவ்விரண்டு கோரிக்கைகளையும் மாநகராட்சியின் கால்நடைப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புகிறோம். பதில் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. 'வலது முன்னங்கால் தொட விடாது. மேசை வேண்டாம், தரையில் வைத்துப் பார்க்கவும். வரும் முன் காபாபென்டின்' என்று அடுத்துப் பார்க்கப்போகிற மருத்துவருக்காக நாமே எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுப்போம்.