கானாவைக் காட்டிப் பெருமை பேசாதீர்கள்

1957 மார்ச் 6-இல் கானா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 31-இல் மலாயா. இந்த இரண்டு தேதிகளையும் வைத்துக்கொண்டு நம்மவர்கள் நடத்தும் பட்டிமன்றம் இன்னும் முடிந்தபாடில்லை. "அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னோம். இன்னிக்கு அவங்க எங்க, நாம எங்க?" கேட்பவரே பதிலையும் வைத்திருப்பார். அவர்கள் சோம்பேறிகள், ஊழல்காரர்கள். நாம் உழைத்தோம், முதலீட்டாளர்களை வரவேற்றோம். மூன்று தலைமுறை தோட்டத்தில் மாடாய் உழைத்தும் சொந்த வீடில்லாமல் போன தாத்தாக்களின் பேரன்கள் 'உழைத்தவன் உயர்ந்தான்' என்று பேசுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

கானா முதலீட்டை வரவேற்கவில்லையா? வோல்ட்டா ஆற்றின் குறுக்கே அக்கொசொம்போ அணை 1965-இல் கட்டி முடிந்தது. சுமார் 80,000 பேர் ஊரை இழந்தார்கள். உலக வங்கியும் அமெரிக்காவும் பிரிட்டனும் கடன் கொடுத்தன. ஆனால் மின்சாரத்தை மொத்தமாக வாங்க ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள், கைசர் என்ற அமெரிக்க நிறுவனம் தேமாவில் அமைத்த வால்கோ அலுமினிய ஆலை. தொடக்க காலத்தில் அணையின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அதற்கே போனது. அதுவும் அடிமாட்டு விலைக்கு, நீண்டகால ஒப்பந்தத்தில். கானாவின் மண்ணிலேயே பாக்சைட் உண்டு. ஆலையோ அலுமினாவை வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கியது. ஆக, கைசர் கானாவில் தேடியது மலிவான கரண்டை மட்டும்தான். 1980-களில் ரோலிங்ஸ் அரசு மல்லுக்கட்டிய பிறகே விலை உயர்ந்தது. அணைக்காக இடம்பெயர்ந்தவர்களின் பல புதிய ஊர்களில் பல ஆண்டுகள் விளக்கு எரியவில்லை.

குவாமே நிக்ருமாவை யோக்கியர் என்று வாதிட நான் வரவில்லை. எதிர்த்தவர்களை விசாரணையின்றிச் சிறையில் வைத்தவர் அவர். (நமக்கும் ஐ.எஸ்.ஏ. இருந்தது, மறந்துவிட வேண்டாம்.) ஆனால் அந்த ஒப்பந்தத்தில் எந்த ஷரத்தில் இருக்கிறது சோம்பேறித்தனம்?

பிறகு 2012 முதல் கானாவில் மின்வெட்டு. மக்கள் அதற்கு 'டும்சோர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அணைந்து அணைந்து எரிவது என்று பொருள். பயந்துபோன அரசு தனியார் மின் நிலையங்களோடு வரிசையாக ஒப்பந்தம் போட்டது. துருக்கியிலிருந்து ஒரு மின்நிலையமே கப்பலாக வந்து நின்றது. பல ஒப்பந்தங்களில் இருந்த ஷரத்து இதுதான்: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு. கல்யாணம் நடக்காத நாளுக்கும் மண்டப வாடகை. பயன்படுத்தாத மின்திறனுக்கு ஆண்டுக்கு 500 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் கட்டுவதாக 2019-இல் அந்நாட்டு நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். 2022 டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடன் தவணைகளில் பெரும்பகுதியை நிறுத்தியது. மின்துறை பாக்கி அதற்கு ஒரே காரணம் அல்ல. சின்னக் காரணமும் அல்ல.

இப்போது 'ஆப்பிரிக்கா எழுகிறது' என்று புதுக் கதை ஓடுகிறது. செல்பேசியில் பணம் அனுப்புகிறார்களாம், ஸ்டார்ட்அப் பெருகுகிறதாம். நல்லதுதான். ஆனால் கானாவின் கோகோ பெரும்பாலும் கொட்டையாகவே கப்பல் ஏறுகிறது. அதை அங்கேயே அரைத்துச் சாக்லேட் ஆக்க நாள் முழுக்கக் கட்டுப்படியாகும் விலையில் கரண்ட் வேண்டும். ஆப்பில் அது வராது.

சரி, நம் யோக்கியதை என்ன? 1992 செப்டம்பர் 29-இல் தீபகற்பம் முழுக்க இருண்டது. அடுத்த ஆண்டே தனியார் மின் உற்பத்தியாளர்களோடு ஒப்பந்தங்கள். அதே ஷரத்து, அதே மண்டப வாடகை. கானா 2015 வாக்கில் செய்ததை நாம் இருபது வருஷம் முன்பே செய்துவிட்டோம். நாம் தாக்குப்பிடித்ததற்கு ஒழுக்கமோ உழைப்போ காரணமில்லை. பெட்ரோனாஸ் பல ஆண்டுகள் எரிவாயுவை மலிவு விலையில் மின் நிலையங்களுக்குக் கொடுத்தது. கடலுக்கடியில் எண்ணெயும் வாயுவும் இருந்தது நம் சாமர்த்தியமா?

அன்றைய தெனாகா நேஷனல் தலைவர் அனி அரோப் அந்த விலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1996-இல் பதவியை விட்டுப் போனார். பின்னாளில் அந்த நிபந்தனைகளை வெளிப்படையாகவே விமர்சித்தார். நான் நான்கு வருஷம் மின்பொறியியல் படித்தேன். டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துக் காட்டினார்கள். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.