எழுதக் கற்கும் மகளும் அஞ்சும் தந்தையும்



பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிச் சென்ற இதழில் நாம் எழுதியதைப் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து குடும்பத் தலைவர் ஒருவர் நீண்ட மடல் வரைந்துள்ளார். அவர் அங்குள்ள தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் பணிபுரியும் தொழிலாளி. அவருடைய மூத்த மகள் சென்னையில் பல்கலைக்கழகம் ஒன்றில் இதழியல் பயில்கின்றாள்.

அண்மையில் அவள், துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த நிகழ்ச்சிப் பட்டியலைப் படியெடுத்து வந்தாளாம். மூத்த செய்தியாளர் ஒருவரின் சொற்பொழிவு, புகைப்படப் பயிற்சி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிய பட்டறை, நாளிதழ் அச்சகத்தைப் பார்வையிடல், மாணவர் இதழ் வெளியீடு எனப் பட்டியல் நீள்கிறது. பெரும்பாலானவை மாலையில் நடைபெறுபவை. அவை முடிந்து மின்சார ரயிலைப் பிடித்து, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் கடந்து அவள் வீடு வந்து சேரும்போது இரவு பத்தாகிவிடும் என்று தந்தை கவலைப்படுகிறார்.

அவர் கேட்கும் கேள்விகள் இரண்டு. வகுப்பில் நடக்கும் பாடம் போதாதா, இந்நிகழ்ச்சிகள் எல்லாம் எதற்கு என்பது முதற்கேள்வி. தன் ஊரைப் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதி வருமாறு அவளைப் பணித்துள்ளனர். அவள் தொழிற்சாலைகளைப் பற்றி ஏதேனும் எழுதப்போய், என் வேலைக்கு ஆபத்து வந்துவிடாதா என்பது இரண்டாம் கேள்வி. தம் பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டுள்ளார். வெளியிடவில்லை. ஆயினும் விடையை எல்லாருக்குமாக எழுதுகிறோம். பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் இதே கவலையோடு ரயில் நிலையத்தில் காத்து நிற்கும் பெற்றோர் பலர் உள்ளனர் அன்றோ?

வகுப்பறை போதாதா?

ஐயா, தாங்கள் தொழில் கற்றவர். கடைசல் இயந்திரத்தைப் பற்றிய புத்தகத்தை மனப்பாடம் செய்த ஒருவனைத் தங்கள் மேற்பார்வையாளர் முதல் நாளே இயந்திரத்தில் நிறுத்துவாரா? மாட்டார். மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்து, இரும்பின் ஓசையைக் கேட்டுப் பழகிய பின்னரே அவனிடம் வேலை ஒப்படைக்கப்படும். இதழியலும் அத்தகைய கைத்தொழிலே.

அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டில் இதழியற் பள்ளியைத் தொடங்கியது. வகுப்புத் தொடங்கிய நாளிலேயே மாணவர்கள் தம் ஊருக்கென ஒரு நாளிதழையும் வெளியிட்டனர். பாடமும் பணியும் பிரிக்கப்படலாகாது என்பது அவர்களுடைய கொள்கை. நம் நாட்டில் அன்னிபெசன்ட் அம்மையார் சென்னை அடையாற்றில் 1920ஆம் ஆண்டில் இதழியற் கல்விக்கு வித்திட்டார். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் இதற்கெனப் படிப்பொன்றை ஏற்படுத்தியது. அதற்கு முந்திய தலைமுறையினருக்குப் பத்திரிகை அலுவலகமே பள்ளிக்கூடம். 1904இல் 'சுதேசமித்திரன்' இதழில் உதவியாசிரியராக அமர்ந்த பாரதியார், ஆங்கிலச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்கியே அத்தொழிலைப் பழகினார்.

ஆகவே சொற்பொழிவும் பட்டறையும் பொழுதுபோக்கு அல்ல. படிப்பின் பாதி அவையே. ஒரு செய்தியாளர், தாம் செய்த தவறு ஒன்றை எப்படிக் கண்டுகொண்டார், எப்படித் திருத்தினார் என்று தம் வாயால் கூறக் கேட்பது, நூறு பக்கம் படிப்பதற்கு ஈடாகும். எனினும் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் போயே ஆக வேண்டும் என்பதில்லை. தேர்ந்தெடுக்கத் தெரிவதும் கல்வியே.

குறித்துவைக்க வேண்டிய நாள்கள்

இதழியல் மாணவரின் ஆண்டுக்கெனத் தனி நாள்காட்டி ஒன்று உண்டு. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்நாள்களை ஒட்டியே அமையும். வீட்டுச் சுவரிலுள்ள நாள்காட்டியில் இவற்றைக் குறித்து வைத்தால், எது வரும், எதற்குப் போகலாம் என்று குடும்பமாக முன்கூட்டியே திட்டமிடலாம்.

சனவரி 24 புனித பிரான்சிஸ் சலேசியார் திருநாள். தம் போதனைகளைத் தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் அடியில் செருகிச் சென்றவர் அவர். 1923இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். சனவரி 29, நம் நாட்டின் முதல் செய்தித்தாள் பிறந்த நாள். 1780இல் கல்கத்தாவில் ஹிக்கி என்பவர் அதனைத் தொடங்கினார். ஆளுநரையே குறைகூறி எழுதிச் சிறை சென்றார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய அச்சுக்கூடம் பறிமுதலாயிற்று.

மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். 1993இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்தது. பெந்தக்கோஸ்துக்கு முந்திய ஞாயிற்றைத் திருச்சபை 1967 முதல் உலகச் சமூகத் தொடர்பு நாளாகக் கொண்டாடி வருகிறது. அக்டோபர் 12, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்த நாள். நவம்பர் 16 தேசியப் பத்திரிகை நாள். 1966இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் அந்நாளில்தான் செயற்படத் தொடங்கியது. இறுதியாக, டிசம்பர் 2, 3. இந்நாள்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நம் ஊரிலேயே நிகழ்ச்சிகள்

பல்கலைக்கழகப் பலகையில் ஒட்டப்படாத நிகழ்ச்சிகளும் உண்டு. அவை பட்டப்பகலில், நம் வீட்டு வாசலுக்கு அருகிலேயே நடைபெறுகின்றன. கட்டணமில்லை, இரவு ரயிலும் இல்லை.

முதலாவது கிராமசபைக் கூட்டம். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை தமிழகத்து ஊராட்சிகளில் கிராமசபை கூட வேண்டும். கும்மிடிப்பூண்டி பேரூராட்சி என்றாலும், சுற்றிலுமுள்ள ஊர்கள் ஊராட்சிகளே. அங்கே ஒரு மூலையில் குறிப்பேட்டுடன் அமர்ந்து, யார் பேசினார், எந்தக் கணக்குப் படிக்கப்பட்டது, எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என எழுதிப் பழகலாம். இரண்டாவது, திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். திருவள்ளூரில் மனுவை மடித்துப் பிடித்து வரிசையில் நிற்போரின் முகங்களைப் பார்த்தாலே ஒரு மாவட்டத்தின் நிலை புலனாகும்.

மூன்றாவது, தொழிற்பேட்டைப் பகுதிக்கே உரியது. பெரிய ஆலை ஒன்று தொடங்கப்படவோ விரிவாக்கப்படவோ இருந்தால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அத்தகைய திட்டங்கள் பலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முப்பது நாள் அவகாசம் அளித்து, நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருத்தல் வேண்டும். அறிக்கையின் சுருக்கம் நம் மொழியிலும் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதும் விடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும். இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், விளம்பரத்தை எத்தனை பேர் படிக்கிறோம்? படித்து, பொருள் உணர்ந்து, பக்கத்து வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாவா? அந்த ஒருவர் தங்கள் மகளாக இருக்கலாம்.

போபால் தரும் பாடம்

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். போபால் நகரின் பூச்சிக்கொல்லி ஆலையில் 1981 டிசம்பரில் நச்சுவாயு தாக்கித் தொழிலாளி ஒருவர் மாண்டார். அந்த ஊரில் சிறு வார இதழ் நடத்திவந்த ராஜ்குமார் கேஸ்வானி என்ற இளைஞரின் உள்ளத்தை அச்சாவு உறுத்தியது. அவர் பல மாதங்கள் தொழிலாளரைச் சந்தித்தார். ஆலையின் பாதுகாப்பு அறிக்கையைத் தேடிப் பெற்றார். வேதியியல் நூல்களைப் படித்தார். 1982 செப்டம்பர் முதல், நகருக்கு நேரவிருக்கும் ஆபத்தை விளக்கித் தம் 'ரபட்' இதழில் கட்டுரைகள் எழுதினார். 1984 ஜூனில் 'ஜனசத்தா' நாளிதழில் மீண்டும் எழுதினார். கேட்பார் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு தொட்டியிலிருந்து நச்சுவாயு வெளியேறிப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

அந்தத் துயருக்குப் பிறகே 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆலையில் உள்ள ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் தெரிவிக்கும் கடமை நிருவாகத்தின்மீது சுமத்தப்பட்டது. ஐயா, கேஸ்வானி எழுதியது தொழிலாளருக்கு எதிராகவா? முதலில் மாண்டவரே ஒரு தொழிலாளி அன்றோ? நேர்மையான செய்தி ஆலையை மூடுவதற்கன்று, ஆலைக்குள் செல்பவர் மாலையில் வீடு திரும்புவதற்காகவே எழுதப்படுகிறது.

நமக்கு அருகிலும் அத்தகைய இரவு ஒன்று வந்தது. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். அம்மோனியா நீரில் எளிதிற் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்வது நலம். இச்சிறு செய்தி, உரிய வேளைக்கு முன்னரே ஒவ்வொரு வீட்டையும் எட்டியிருக்க வேண்டும். எட்டச் செய்வதே செய்தியாளரின் பணி.

அச்சத்துக்கும் இடமுண்டு

ஆயினும் தங்கள் அச்சத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஒரு சம்பளத்தில் வாழும் வீட்டின் அச்சம் அது. அதற்கு இதழியல் நெறியிலேயே விடை இருக்கிறது. தன் குடும்பத்தின் நலன் கலந்துள்ள ஒன்றைப் பற்றிச் செய்தியாளர் எழுதலாகாது. எழுத நேர்ந்தால் அத்தொடர்பை வெளிப்படையாகக் கூற வேண்டும். ஆகவே தாங்கள் பணிபுரியும் ஆலையைப் பற்றித் தங்கள் மகள் எழுத வேண்டியதில்லை. இதனை அவள் தன் ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லலாம். நல்ல ஆசிரியர் அதைக் கேட்டு மகிழ்வார். ஏனெனில் அவள் முதற்பாடத்தைக் கற்றுக்கொண்டாள் என்பது அதன் பொருள். எழுத வேறு எத்தனையோ உள்ளன. பழவேற்காட்டு மீனவரின் வலையில் இன்று விழும் மீன், வடமாநிலங்களிலிருந்து வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கும் இளைஞரின் வாழ்க்கை, கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழரின் பிள்ளைகள் படிப்பு ஆகியவை எல்லாம் அவளுக்காகக் காத்திருக்கின்றன.

இன்னொன்றையும் அவளிடம் கூறுங்கள். 2024 அக்டோபர் 11 இரவு, அவள் நாள்தோறும் செல்லும் அதே தடத்தில், கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலின்மீது பாக்மதி விரைவு ரயில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீ எழுந்தது. பத்தொன்பது பேர் காயமுற்றனர். இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. அப்படிப்பட்ட இரவில், சாவு எண்ணிக்கையை ஊகித்து ஒருவர் கைப்பேசியில் அனுப்பினால், எத்தனை தாய்மாரின் நெஞ்சு துடிக்கும்! உறுதியாகத் தெரியாததை எழுதாமல் இருப்பதும் செய்தியாளரின் துணிவே. எழுத வேண்டியதை எழுதியதற்காகவே உயிர் தந்தவர்களும் உண்டு. நாத்சிகளின் விளம்பரங்களை வெளியிட வேண்டா என்று கத்தோலிக்க இதழாசிரியர்களை நேரிற் சென்று வேண்டிய டச்சுத் துறவி தித்துஸ் பிராண்ட்ஸ்மா, 1942இல் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

பெற்றோர் செய்யத்தக்கவை

மாதத்துக்கு இரண்டு மாலை நிகழ்ச்சிகளை மகளே தேர்ந்தெடுக்கட்டும். ஏன் அவற்றைத் தேர்ந்தாள் என்று தங்களிடம் கூறட்டும். முடியும் நேரத்தையும் ஏறும் ரயிலையும் முன்னரே சொல்லிச் செல்லட்டும். ஒரே தடத்தில் வரும் மாணவியர் சேர்ந்து பயணம் செய்யலாம். ரயில்வே உதவிக்கு 139, பெண்கள் உதவிக்கு 181 என்னும் எண்கள் கைப்பேசியில் இருக்கட்டும். தங்களுக்கு இரவு ஷிப்டு இல்லாத நாளில் நிலையத்துக்குச் சென்று அழைத்து வாருங்கள். வீடு வரும் வழியில், "இன்று என்னம்மா கேட்டாய்?" என்று வினவுங்கள். அவளுடைய முதல் வாசகர் தாங்களே ஆகட்டும்.

ஆலைக்குள் பயன்படும் சொற்கள், கொதிகலனின் இயக்கம், பாதுகாப்புக் கவசம் ஏன் தேவை என்பதை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் தங்களைப்போல் கற்பிக்க இயலாது. முப்பது ஆண்டு உழைத்த கை அறிந்ததை, எழுதக் கற்ற கை ஏட்டில் வைக்கட்டும்.

வாசகர்களே, நம் பங்குகளில் மருத்துவம், பொறியியல் பயிலும் பிள்ளைகளைப் பாராட்டுகிறோம். எழுத்தைத் தேர்ந்த பிள்ளையைக் கண்டால் மட்டும் ஏன் தயங்குகிறோம்? அவர்களையும் ஒரு சொல் சொல்லி ஊக்குவிப்போம். உண்மையைத் தேடி மாலையில் புறப்படும் பிள்ளைக்கு, இரவில் திறந்திருக்கும் கதவும், ஆறாமல் மூடி வைத்த உணவும் நம் வீட்டில் இருக்கட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.