கூடம் கோணலா? அளந்து பாருங்கள்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழி உண்டு. தன் பிழையை மறைக்க வேறொன்றைக் குறை சொல்லக் கூடாது என்பது இதன் பொருள். நல்ல பழமொழிதான். ஆனால் பிள்ளைகளே, சில வேளை கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கும்! அப்போது என்ன செய்வது? வீட்டில் செய்த ஒரு பின்போல் பெட்டியை வைத்து இதை யோசிப்போம்.

பின்போல் விளையாட்டைக் கியூபெக் பிரெஞ்சில் "மஷீன் ஆ பூல்" என்பார்கள். கீழே உருண்டு வரும் பந்தை இரண்டு சின்னத் துடுப்புகளால் அடித்து மேலே அனுப்ப வேண்டும். இதை வீட்டிலும் செய்யலாம். யூலை 1ஆம் திகதி மொன்றியலில் பலர் வீடு மாறுவார்கள். அந்த நாட்களில் கோட்-டெ-நெய்ஜ் நடைபாதைகளில் பழைய ரீவி, மேசை, பலகை எல்லாம் கிடக்கும். வேலை செய்கிற ஒரு ரீவியைப் பலகைப் பெட்டியின் மேல் படுக்க வையுங்கள். அதோடு ஒரு கணினியை இணையுங்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் பொத்தான் பூட்டுங்கள். பின்போல் பெட்டி தயார்! பந்தும் துடுப்பும் திரையில் தெரியும் படங்கள். உங்கள் விரல் தொடுவது பொத்தானை மட்டும்தான்.

அதனால், பெட்டியைத் திருத்த நினைத்தால் முதலில் பொத்தானைப் பாருங்கள் என்பேன். ஏன் தெரியுமா?

பழைய பின்போல் இயந்திரங்களில் துடுப்பு இல்லை. பந்தை அனுப்பிவிட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். "இது வெறும் அதிர்ஷ்டம், சூதாட்டம்" என்று சொல்லி நியூயோர்க் நகரம் 1942இல் பின்போலைத் தடை செய்தது. 1947இல் கொட்லீப் என்ற நிறுவனம் "ஹம்டி டம்டி" என்ற இயந்திரத்தைச் செய்தது. அதில் பொத்தானை அழுத்தினால் அசையும் ஆறு துடுப்புகள் இருந்தன. அதன்பிறகு பந்தின் வழியைக் கையால் மாற்ற முடிந்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நியூயோர்க் நகரசபையின் முன் விளையாடிக் காட்டினார். பந்து எந்த வழியால் போகும் என்று முதலே சொல்லி, அப்படியே அனுப்பினார். தடை நீங்கியது.

திறமை என்றால், கை சொல்வதை இயந்திரம் கேட்க வேண்டும். பழுதான பொத்தான் பத்துத் தடவையில் இரண்டு தடவை கேட்காது. அப்போது விளையாட்டு மறுபடியும் வெறும் அதிர்ஷ்டம் ஆகிவிடும். "நீ பிந்தி அமத்திப்போட்டாய்!" என்று அண்ணா சிரிப்பார். "எனக்கு இது சரிவராது" என்று தம்பி எழுந்து போய்விடுவான். பிழை தம்பியில் இல்லை. ஆனால் அவன் தன்னைத்தான் நோவான். இதுதான் எனக்குக் கவலை.

ஆகவே அளந்து பாருங்கள். இடது பொத்தானை 50 தடவை அழுத்துங்கள். துடுப்பு எத்தனை தடவை எழும்புகிறது என்று எண்ணுங்கள். வலது பொத்தானிலும் அப்படியே செய்யுங்கள். இடது பக்கம் குறைந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து இரண்டு பொத்தான்களையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். பழுது வலது பக்கம் போனால் பொத்தான்தான் பிழை. இடது பக்கமே நின்றால் வயரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு பிந்தினால், ரீவியில் "கேம் மோட்" போட்டுப் பாருங்கள். ரீவியை மட்டும் திறக்கவே கூடாது. அது ஆபத்து.

மாற்றுவதென்றால், இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும் வகைப் பொத்தானை வாங்குங்கள். தகட்டைச் சற்று வளைத்தால், மெல்ல அழுத்தினாலே போதும். சின்ன விரலுக்கும் அது கேட்கும்.

"ஏன் இந்தக் கரைச்சல்? புதுசா ஒண்டு வாங்குவம்" என்று சிலர் சொல்வார்கள். பெரிய திரை வாங்கினாலும், கேட்காத பொத்தான் கேட்காது. ஒரு சின்னப் பொருளுக்காக முழுப் பெட்டியையும் எறிவது நியாயமும் இல்லை. பொருட்கள் நீண்ட காலம் உழைக்க வேண்டும், அவற்றைத் திருத்தவும் முடிய வேண்டும் என்று கியூபெக் 2023இல் ஒரு சட்டமே செய்தது.

பொத்தானுக்கு மட்டுமல்ல, பிரேக் பிடிக்காத சைக்கிளுக்கும் எழுதாத பேனைக்கும் இதே கதைதான். "எனக்கு வராது" என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை அளந்து பாருங்கள். கூடம் கோணல் என்றால் திருத்துங்கள். நேராக இருந்தால்? சாட்டுச் சொல்லாமல் ஆடிப் பழகுங்கள்!