பாம்புக்குப் பால் வார்க்கலாமா?



போன மாசி மாதம் ஒரு சாயங்காலம். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் யானைக்கவுனியில் சாயங்காலம் என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? வால்டாக்ஸ் ரோடு லாரிகளின் ஹாரன் ஒரு பக்கம், சென்ட்ரலுக்கு வரும் ரயில்களின் சத்தம் இன்னொரு பக்கம். அந்த இரைச்சலிலும் எதிர்வீட்டுக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நான் அமெரிக்கா போகலை" என்று சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டல்லாஸில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தங்கசாலைத் தெரு நாட்டுமருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் வாங்கிக் கட்டி வைத்தாகிவிட்டது.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"பேரன் பாம்பு வளர்க்கிறான் அக்கா. வீட்டுக்குள்ளேயே, கண்ணாடித் தொட்டியில. போன்ல காட்டி, 'ஆயா, பாரு, படம் எடுக்குது'ன்னு சிரிக்கிறான். எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. பச்சைக்குழந்தையை அந்த வீட்டுல எங்கே கிடத்துவேன்?"

கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுக்குச் செத்த எலியைக் கொடுக்கிறாங்களாம். பாவமில்லையா? நான் போய் பாலு, முட்டை, பழம்னு வகைவகையா வச்சுப் பழக்கினா சாதுவாயிடாதா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. பெற்று வளர்த்தவளுக்குத் தோன்றுகிற யோசனைதானே அது! என் அண்ணன் மகள் பக்கத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். ஞாயிற்றுக்கிழமை அவளை வரவழைத்து இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டேன். அன்று அவள் சொன்னதையும், எதிர்வீட்டுக்காரி போய்த் திரும்பி வந்து சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். "நான் பாம்பு வளர்க்கவில்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாய், கிளி, மீன் என்று எதை வளர்க்கிறவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு.

பன்றிமூக்குப் பாம்பு

பேரன் வளர்ப்பது ஹாக்நோஸ் என்ற பாம்பு. நுனி மேல்நோக்கி வளைந்த மூக்கு. அதனால்தான் 'பன்றிமூக்கு' என்ற பெயர். அமெரிக்கப் புல்வெளிகளிலும் மணற்பாங்கான இடங்களிலும் இயற்கையாக வாழ்வது. அந்த மூக்கால்தான் மண்ணைக் கிளறி இரை தேடும். ஆண் ஒன்றரை அடி, பெண் இரண்டு, இரண்டரை அடி வளரும்.

பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும். பார்க்கிறவர்களுக்கு நல்ல பாம்பு மாதிரி இருக்கும். அதற்கும் எதிரி அசையவில்லை என்றால் மல்லாந்து வாயைப் பிளந்து நாக்கைத் தொங்கப்போட்டுச் செத்ததுபோல் நடிக்கும். நாம் நிமிர்த்திப் போட்டால் மறுபடியும் மல்லாந்துகொள்ளும்! மேல்தாடையின் பின்பக்கம் பெரிய பற்கள் உண்டு. இலேசான நஞ்சுதான். ஆனால் கடித்து விடாமல் பிடித்துக்கொண்டால் கை வீங்கும். ஆகவே விளையாட்டுப் பொருளும் அல்ல.

ஏன் பால் கூடாது?

"பாம்புக்குப் பால் வார்த்தாற்போல" என்று பழமொழி சொல்லிப் பாம்பின் நன்றிகெட்ட குணத்தைத் திட்டுகிறோம். தவறு பாம்பின் மேல் இல்லை, பாலின் மேல்தான் என்றாள் டாக்டர். குட்டிக்குப் பாலூட்டும் பிராணிகளுக்குத்தான் பால் உணவு. முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் பாம்பு இரை பிடித்து விழுங்கியே வளர்கிறது. பாலைச் செரிக்க அதன் வயிற்றுக்கு வழியில்லை.

"பாம்பாட்டி வச்சா குடிக்குதே?" என்று எதிர்வீட்டுக்காரி விடவில்லை. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் தாகத்தில் எதை வைத்தாலும் குடிக்கும். அது பசி அல்ல, தவிப்பு. அந்தப் பால் நுரையீரலுக்குள் போய்ப் பாம்பு செத்துப்போவதும் உண்டு. அதற்கு வேண்டியது ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீர். அதையும் தினம் மாற்ற வேண்டும். பழம், சோறு, ரொட்டி எதுவும் அதற்கு ஆகாது.

வகைவகையாக என்றால் என்ன?

காட்டில் ஹாக்நோஸ் தேரை, தவளை, பல்லி, ஊர்வனவற்றின் முட்டை, சுண்டெலி, சிறு பறவை என்று பலதும் தின்னும். தேரையின் தோலில் இருக்கும் விஷத்தைத் தாங்கும் சக்திகூட அதற்கு உண்டு. அப்படியானால் வீட்டிலும் தினம் ஒரு பதார்த்தம் மாற்ற வேண்டாமா?

இங்கேதான் நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வகை என்பது சாம்பார், கூட்டு, பொரியல். பாம்புக்கு வகை என்பது ஒரு முழு இரைக்குள்ளேயே இருக்கிறது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து, ஈரலில் வைட்டமின், தசையில் புரதம். காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு தின்றால் கிடைக்கும் சத்து வெறும் சதை மீனில் கிடைக்குமா? அதுபோலத்தான். பாவம் பார்த்துக் கோழிக்கறித் துண்டை நறுக்கிப் போட்டால் வயிறு நிறையும், எலும்பு பலவீனமாகிவிடும்.

ஆகவே முழுச் சுண்டெலிதான் அடிப்படை உணவு. அவ்வப்போது ஒரு காடைக்குஞ்சு கொடுக்கலாம். மீனை வழக்கமாக்கக்கூடாது, சில வகை மீன்கள் உடம்பிலுள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும். வெளியே பிடித்த தேரை, பல்லி வேண்டவே வேண்டாம். அவற்றோடு புழுவும் பூச்சிமருந்தும் சேர்ந்து வரும்.

பாவ புண்ணியத்துக்கும் டாக்டர் பதில் சொன்னாள். "அம்மா, அதுக்கு வேற சாப்பாடு கிடையாது. உயிரோட எலியை விட்டா எலியும் தவிக்கும், பாம்பையும் கடிச்சுக் குதறிடும். அதனாலதான் முன்னாலேயே வலி தெரியாம கொன்னு, உறைய வச்சு விக்கிறாங்க. எலி கொடுக்க மனசு வரலைன்னா பாம்பு வளர்க்காம இருக்கலாம். பாம்பைச் சைவமாக்க முடியாது."

எவ்வளவு, எப்போது?

குட்டிப் பாம்புக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை, ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு ஒன்று. வளர்ந்ததற்கு ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். இரை, பாம்பின் உடம்பில் மிகப் பருமனான இடத்தைவிடப் பருமனாக இருக்கக்கூடாது. ஹாக்நோஸ் பெருந்தீனிக்காரப் பாம்பு. கொடுக்கக் கொடுக்கத் தின்று கொழுத்து ஈரல் கெட்டுப்போகும்.

சில நாள் தின்னவே தின்னாது. கண் நீலம் பாரித்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். ஆண் பாம்பு இனப்பெருக்க காலத்தில் சில வாரங்கள்கூட இரையைத் தொடாது. அதற்காக வாயைத் திறந்து திணிக்கக்கூடாது. வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்து, எடை குறைந்துகொண்டே போனால் மட்டும் டாக்டரிடம் போக வேண்டும். சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் இது நல்ல பாடம்தான்!

தின்றது செரிக்க வெதுவெதுப்பு தேவை. தொட்டியின் ஒரு பக்கம் சுமார் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24, 25 டிகிரி இருக்க வேண்டும். சூடு போதாவிட்டால் இரை வயிற்றிலேயே அழுகும், கக்கிவிடும். தின்ற பிறகு இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்கக்கூடாது. இரையைக் கையால் கொடுக்காமல் இடுக்கியால் நீட்ட வேண்டும். எலி வாசனை அடிக்கும் விரலும் அதற்கு எலிதான்.

அடுக்களைக்கு அப்பால்

சகோதரிகளே, நமக்கு முக்கியமான பகுதி இது. பாம்பு, ஆமை, ஓணான் போன்றவை பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். ஆனால் அவற்றின் கழிவில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். தீவன எலியிலும் இருக்கலாம்; உறைய வைத்தாலும் அது சாகாது. 2010-ல் அமெரிக்காவில் உறைந்த தீவன எலிகள் மூலம் பல மாநிலங்களில் இந்த நோய் பரவி, எலிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போகலாம். கைக்குழந்தைக்கு இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் தீவன எலி நம் சாப்பாட்டோடு ஒரே ஃபிரிட்ஜில் இருக்கக்கூடாது. அதற்குத் தனிப் பெட்டி, தனிப் பாத்திரம், தனி இடுக்கி. உறைந்ததை மூடிய பையில் போட்டு, வெந்நீரில் வைத்து உள்வரை இளக்க வேண்டும். மைக்ரோவேவில் வைக்கக்கூடாது. தொட்டியையோ தண்ணீர்க் கிண்ணத்தையோ பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கழுவக்கூடாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு டாக்டர் கடைசியில் சொன்னாள்: "ஆனா அத்தை, ஐந்து வயசுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டுல பாம்பு இல்லாம இருக்கிறதுதான் நல்லது. கர்ப்பிணி, அறுபத்தைந்து தாண்டினவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க எல்லாருக்கும் இதே எச்சரிக்கைதான். கையைக் கழுவிட்டா போதும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

டல்லாஸில் நடந்தது

எதிர்வீட்டுக்காரி போனாள். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்து அதே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"போய் இறங்கின மூணாம் நாளே மககிட்ட எல்லாத்தையும் சொன்னேன் அக்கா. அவ தன் டாக்டர்கிட்ட கேட்டா. அவங்களும் அதையேதான் சொன்னாங்க. ரெண்டு தெரு தள்ளி பேரனோட ஃப்ரெண்டு வீடு. அங்கே சின்னப் பிள்ளைங்க இல்லை. பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கையில தொட்டியோட அங்கே கொண்டுபோய் வச்சோம். பையன் மூணு நாள் என்கூட பேசலை. 'நீதான் ஆயா அனுப்பிட்டே'ன்னு ஒரே அழுகை."

"அப்புறம்?"

"நாலாம் நாள் ஒரு நோட்டோட வந்தான். எந்தத் தேதி எத்தனை கிராம் எலி, எந்தத் தேதி சட்டை உரிச்சுது, எல்லாம் எழுதி வச்சிருக்கான். 'நான் சொல்றேன், நீ அதை ஒரு காகிதத்துல எழுது ஆயா, அவன் மறந்துடுவான்'னான். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. தமிழ்ல எழுதினேன். அதைப் பார்த்துச் சிரிச்சிட்டான். இப்போ சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வரான். வந்ததும் துணி மாத்தி, கை கழுவிட்டுத்தான் தங்கச்சியைத் தொடறான். நான் சொல்லணும்னே இல்லை."

நம் ஊர்ப் பிள்ளைகளும் இப்போது படம் பார்த்துவிட்டு இப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல பாம்பு, சாரை போன்ற நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த மலைப்பாம்புக் குட்டிகள் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பல தடவை பிடிபட்டிருக்கின்றன. பிள்ளைக்குப் பாம்பின் மேல் ஆசை இருந்தால் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். 1972 முதல் அங்கே இருக்கிறது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்காதீர்கள்; விலகி நின்று 101-க்குப் போன் செய்து தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

இந்த ஆடி வெள்ளிக்கு நானும் எதிர்வீட்டுக்காரியும் சேர்ந்தே புற்றுக் கோயிலுக்குப் போனோம். அவள் தூக்கில் பால் இருந்தது. புற்றுக்கு மஞ்சளும் பூவும் வைத்துக் கும்பிட்டாள். பாலைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வாசலில் பூ விற்கும் பெண்ணின் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டது.