ரத்தப் புற்றா? கேட்டுத் தெளியுங்கள்!

"ரத்தத்துல புத்துநோயாம். இனிமே என்ன இருக்கு?" என்று சொல்லி, நோயாளியை வீட்டுக்கே அழைத்து வந்துவிடுகிறார்கள் சிலர். இது தவறு!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நம்ம புதுக்கோட்டையில் பிறந்தவர். அவரது முயற்சியால்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. அவர் ஊர்க்காரர்களா கையை விரிப்பது?

'அக்யூட் மைலாய்டு லுக்கீமியா' வேகமாக முற்றும் நோய். நாள் கடத்தக்கூடாது. ஆனால் வைத்திய வழி ஒன்றல்ல.

உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு வழக்கமாக 7 நாள் சைட்டராபின், அதில் 3 நாள் டானோரூபிசினும் ஏற்றுவார்கள். நோய் அடங்கிய பிறகு, சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படும். கூடப் பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுதும் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் இதைச் செய்கிறார்கள்.

வயதானவர்கள், பலவீனமானவர்களுக்கு அசாசிட்டிடின் ஊசியும் வெனட்டோகிளாக்ஸ் மாத்திரையும் உண்டு. பலருக்கு ஆயுளைக் கூட்டும். 'ஏ.பி.எல்.' என்ற வகையிலோ, உடனே வைத்தியம் தொடங்கினால் பெரும்பாலோர் குணமாகிறார்கள்!

ஆகவே டாக்டரிடம் கூசாமல் கேளுங்கள். நோய் எந்த வகை? வைத்தியம் குணமாக்கவா, வேதனையைக் குறைக்கவா? எத்தனை நாள் தங்கணும்? காப்பீட்டு அட்டை செல்லுமா?

படுத்திருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். உயிர் அவருடையது. முடிவும் அவரைக் கேட்டே ஆகட்டும்!