திமிர், சோம்பல்: ஒரு நோய்க்குச் சாதி வைத்த பெயர்கள்

நம்மைத் திட்டுவதற்கென்றே இந்தச் சாதிச் சமூகம் நூற்றுக்கணக்கில் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். நிமிர்ந்தால் திமிர். படுத்தால் சோம்பேறி. இந்த இரண்டு வசவுக்கும் அடியில் ஒரு நோய் பல காலமாகப் புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி வெளியே போடத்தான் இதை எழுதுகிறேன்.

இருதுருவ மனநோய். டாக்டர்கள் பைபோலார் என்கிறார்கள். சில நாளோ சில வாரமோ ஆளுக்குக் கால் தரையில் பாவாது. தூக்கம் இருக்காது, களைப்பும் இருக்காது. பேச்சு நிற்காது. கையில் இருப்பதெல்லாம் செலவாகும். தானே ராஜா, தானே சாமி. அப்புறம் ஒருநாள் அத்தனையும் வடிந்துபோகும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், பாயைவிட்டு எழ முடியாது. செத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செத்தவர்களும் உண்டு. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்குகிற நோய். வாழ்வு முளைக்கிற வயது அது.

மருந்து இல்லையா? இருக்கிறது. லித்தியம் என்ற உப்பு இந்த வெறியைத் தணிக்கும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதியது 1949இல். முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு இங்கே சிகிச்சை கிடைப்பதில்லை என்று 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு சொல்கிறது. அந்த எழுபது பேர் எந்தத் தெருவில் இருப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

என் பெரியப்பா மகன் செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். இருபத்து மூன்று வயதில் அவருக்கு முதல் தடவை வந்தது. நாலு ராத்திரி கண்ணை மூடவில்லை. அஞ்சாம் நாள் செருப்புக் காலோடு ஊர்த்தெருவுக்குள் நடந்தார். டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "எல்லாருக்கும் டீ போடு, காசு நான் தரேன்" என்றார்.

"சேரிப் பயலுக்கு இன்னாடா இவ்ளோ திமிரு?"

அடி விழுந்தது. ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். ஒரு சொட்டுக் குடிக்காத ஆள்மேல் குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாக வழக்கு. அப்புறம் மந்திரித்த கயிறு, கோயில், தர்கா. மூன்று மாதத்தில் வெறி வடிந்து சுருண்டு படுத்தார். உடனே சூளைக்காரன் வாசலில் வந்து நின்றான்: "அட்வான்ஸ் வாங்கித் தின்னுட்டு சோம்பேறி படுத்துக்கினு கீறான் பாரு." ஒரே உடம்பு, ஒரே நோய், மூன்று மாத இடைவெளியில் இரண்டு பெயர். மனநல மருத்துவர் என்று ஒருவர் முன்னால் அண்ணன் போய் உட்கார்ந்தது ஏழு வருஷம் கழித்து.

எங்கள் வங்கியில் ஓர் அதிகாரியின் மகனுக்கும் இதே நோய் வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கினான். வீட்டில் "ஸ்ட்ரெஸ்" என்றார்கள். "நரம்பு டாக்டர்" என்றார்கள். பத்தாம் நாள் சிகிச்சை ஆரம்பமாகிவிட்டது. அந்தப் பையன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். என் கேள்வி வேறு. பத்து நாளுக்கும் ஏழு வருஷத்துக்கும் நடுவில் கிடப்பது என்ன? நோயின் தன்மையா? அவன் நடந்த தெருவில் அவன் நிமிர்ந்து நடப்பது யாருக்கும் குற்றமாகப் படவில்லை. அதனால் அவன் மாறிவிட்டான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் அண்ணன் நிமிர்ந்தது மட்டும்தான் ஊருக்குத் தெரிந்தது.

பெண்ணாக இருந்தால் மூன்றாவதாக ஒரு பெயரும் காத்திருக்கிறது: நடத்தை கெட்டவள். சத்தமாகச் சிரித்தாள், முன்பின் தெரியாதவனோடு பேசினாள், ராத்திரியில் வெளியே போனாள். இதெல்லாம் நோயின் குறி என்று வீட்டுக்குள்ளும் யாரும் சொல்வதில்லை. அறைக்குள் பூட்டுகிறார்கள், இல்லை அவசரமாகக் கட்டிக்கொடுக்கிறார்கள்.

1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்று ஒரு வெள்ளை மருத்துவன், எஜமானை விட்டுத் தப்பி ஓடுகிற கறுப்பு அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதினான். அதற்கு டிராப்டோமேனியா என்று பெயரும் சூட்டினான். அங்கே விடுதலை வேட்கையை நோய் என்றார்கள். இங்கே நோயைத் திமிர் என்று அடிக்கிறார்கள். நோய்க்குப் பெயர் வைக்கிற அதிகாரம் யார் கையில் என்பதுதான் இரண்டு இடத்திலும் விஷயம்.

இனி நம் ஆட்களிடம் வருவோம். பைத்தியம் என்பதே கலகம், பகுத்தறிவின் வன்முறைக்கு எதிரான குரல் என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கவிதை எழுதுகிறவன்தான், எனக்கும் ஃபூக்கோ வேண்டும். ஆனால் கவிஞனுக்குப் பித்து வந்தால் அது தொகுப்பாகிறது, கல் அறுக்கிறவனுக்கு வந்தால் கயிற்றில் கட்டுகிறார்கள். நாலு நாள் தூங்காமல் கிடந்து அலறுகிறவனை விடுதலையின் குறியீடு என்று கொண்டாட உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? அவனுக்கு முதலில் தூக்கம் வேண்டும் சாமி.

இன்னொரு கூட்டம், சாதி ஒழிந்தால் மனநோயும் ஒழியும், அதுவரை மாத்திரை எல்லாம் மேட்டுக்குடி சமாச்சாரம் என்கிறது. ஃபனானை மேடைதோறும் சொல்கிறோம். அவர் பிழைப்பு என்ன? மனநல மருத்துவர். 1953இல் அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் பொறுப்பேற்று நோயாளிகளின் வாழ்க்கையையே மாற்றி அமைத்தார். புரட்சி வரட்டும், அப்புறம் வைத்தியம் என்று அவர் வார்டைப் பூட்டிவிட்டுப் போகவில்லை.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். நாடே உச்சுக்கொட்டியது, மூடநம்பிக்கை என்று நம் சனங்களைத் திட்டியது. நான் திட்டமாட்டேன். தர்காவில் சீட்டு வாங்க வரிசையில்லை. உட்கார்ந்தால் எழுப்புவாரில்லை. நோயாளியோடு தாயும் படுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலோ கூடப்போகிற ஆளுக்கும் சேர்த்து ஒருநாள் கூலி போகும், இரண்டு பஸ் மாறவேண்டும், கடைசியில் "போன மாசமே ஏன் வரலே?" என்று அதட்டல். சினிமாக்காரன் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கிவிட்டான். எங்கே மதிப்பாக நடத்துகிறார்களோ அங்கேதான் சனம் போகும்.

மருந்து கைக்கு வந்த பிறகும் கதை முடிவதில்லை. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பார்க்கவேண்டும். வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் வற்றினால் அளவு ஏறும். உப்பில்லாச் சோற்று விரதம் இருந்தால் ஏறும். மேல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் மாத்திரையாலும் ஏறும். அளவு மீறினால் கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். தள்ளாடினால் ஊர் என்ன சொல்லும்? குடிகார நாய். சூளையில் வேகிற உடம்புக்கு இதையெல்லாம் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? ஏசி அறையில் எழுதிய சீட்டு "நிறையத் தண்ணி குடி" என்பதோடு நின்றுவிடுகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியைத் தடைசெய்கிறது. மனநோய் உள்ளவர் என்று கருதிப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால் லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணிநேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அடிபட்டவர் நோயாளி என்பதால் வன்கொடுமை வழக்கு நிற்காது என்று ஸ்டேஷனில் சொன்னால் நம்பாதீர்கள். கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல முடிகிறவர் மனநோயாளியானாலும் சாட்சி சொல்லலாம் என்கிறது சாட்சியச் சட்டம். 14416 என்ற இலவச எண் 2022இலிருந்து இருக்கிறது. நம் கூட்ட நோட்டீசில் அதையும் அச்சடிப்போம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் லித்தியம் வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், கூடவரும் ஆளுக்குப் பயணப்படி வேண்டும். பட்டா கேட்டு மறியல் செய்த நாம் இதற்கும் செய்யலாம். அதுவரைக்கும் ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. சேரியில் ஒருத்தர் திடீரென்று பெரிய பேச்சுப் பேசினால், அல்லது எழுந்திருக்காமல் கிடந்தால், ஆதிக்கச் சாதிக்காரன் கொடுத்த வார்த்தையை நம் வாயால் சொல்லாதிருப்போம். பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாத் தூங்கலே என்று கேட்போம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரோடு நம்மில் ஒருவர் ஏறவேண்டும்.