அடுத்தவன் ஊரைக் கட்டுகிறவர்கள்

மாடல் ரயில் என்று சொன்னாலே நம் ஆட்கள் இரண்டு விதமாகச் சிரிப்பார்கள். குழந்தை விளையாட்டு என்று சிரிப்பது ஒரு வகை, பணக்கார விளையாட்டு என்று சிரிப்பது இன்னொரு வகை. இரண்டாவது சிரிப்பு இலக்கிய வாசகர்களிடம் அதிகம். இவர்களோடு எனக்கு இப்போது சண்டை இல்லை. சண்டை, அந்த விளையாட்டை நிஜமாகவே ஆடுகிறவர்களோடு. கையில் அபாரமான ஒரு கருவி இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஜெர்மன்காரன் வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூருவில் நடந்த ஒரு ஹாபி கண்காட்சிக்குப் போனேன். ரயில் பார்க்க இல்லை, கட்டடம் கட்டப் பழக. எஞ்சினும் பெட்டியும் காசு கொடுத்தால் வந்துவிடும். ஸ்டேஷன், கூட்ஸ் ஷெட், கேட்மேன் வீடு, தண்ணித் தொட்டி இதெல்லாம்தான் ஒரு ரயில் பாதையை ஓர் ஊருக்குச் சொந்தமாக்குகிறது. அதை எப்படிச் செய்வது என்று யாராவது சொல்லித்தருவார்கள் என்று நம்பிப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் பெரிய மேசையில் நம்ம நீல நிற டீசல் எஞ்சின், பின்னால் நம்ம பெட்டிகள். எழுத்துகூட சரியாக இருந்தது. அது ஓடிக்கொண்டிருந்த ஊரோ கருங்காட்டுப் பகுதி ஜெர்மன் கிராமம். மரச்சட்டம் போட்ட சுவர், ஜன்னலில் பூந்தொட்டி, செங்குத்தான கூரை. கூரை ஏன் அவ்வளவு செங்குத்து? பனி தங்காமல் வழுக்கி விழ வேண்டும். பக்கத்து மேசையிலும் அதே கிராமம். அதற்கடுத்ததில் அமெரிக்கச் சின்ன ஊர் ஒன்று. ஃபாலர் என்ற கம்பெனி 1946இல் அந்தக் கருங்காட்டின் கூட்டன்பாக் கிராமத்தில் தொடங்கப்பட்டது. அவர்கள் ஜன்னல் வழியே தெரிந்த வீட்டை அவர்கள் செய்தார்கள், அதில் தப்பே இல்லை. நம் ஜன்னல் வழியே என்ன தெரிகிறது?

மேசைக்காரரிடம் கேட்டேன். "நம்மூர் ஸ்டேஷன் எதுவும் வைக்கலயா சார்?" "கிட் கிடைக்காது சார்" என்றார்.

இந்த மூன்று சொல்தான் வியாதி. கிட் கிடைக்காததால் ஊர் இல்லை. என் தொழிலிலும் இதே கதைதான், யாரோ எழுதிய லைப்ரரி இருந்தால்தான் எங்களுக்கு ஒரு பிரச்சினையே கண்ணுக்குத் தெரியும். தமிழ்ச் சிறுகதையில் இது இல்லையா என்று கேட்டால் வேறு சண்டை வந்துவிடும், விடுங்கள்.

சொல்லித்தரும் மேசை கோடியில் இருந்தது. எஞ்சின் பக்கம் கால் வைக்க இடமில்லை, இங்கே நாலு பேர். நடத்திய பெரியவர் முதல் ஒரு மணி நேரம் கத்தியையே தொடவிடவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் போட்டோவைக் கொடுத்து எண்ணச் சொன்னார். கதவின் உயரத்துக்கு எத்தனை வரிசைச் செங்கல், ஜன்னலுக்கும் கூரைக்கும் நடுவே எத்தனை, ஓடு எத்தனை வரிசை. ஒரு அளவு தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். எச்.ஓ. அளவு என்றால் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. 2.1 மீட்டர் கதவு 24 மில்லிமீட்டராகும். மங்களூர் ஓடு ஏறக்குறைய 40 செ.மீ. நீளம், அது நாலரை மில்லிமீட்டர் சொச்சம். இப்படி எண்ண ஆரம்பித்தால் பத்து வருடமாகத் தினம் பார்த்த கட்டடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை என்று தெரியும். மண்வாசனை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்த மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நல்லது.

சாமான்களைச் சொல்கிறேன், பணக்கார விளையாட்டு என்கிறவர்களுக்காக. சுவருக்கு ஃபோம் போர்டு, ஓட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை, கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட், ஃபெவிகால், ஸ்டீல் ஸ்கேல், கட்டர். கருங்கல் சுவர் வேண்டுமென்றால் ஃபோம் போர்டின் மேல்தாளை உரித்துவிட்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கல் கல்லாகக் கோடு அழுத்த வேண்டும். வெயிலும் மழையும் பட்ட பழசு தெரிய, சாக்பீஸ் பொடியும் கரித்தூளும். எஞ்சின்தான் விலை. கட்டடத்துக்குத் தேவை பொறுமை மட்டும்.

இனி ஒரு கணக்கு. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பியப் பாதையான 1435 மி.மீ.க்கு அது கச்சிதம். நம் அகலப் பாதை 1676 மி.மீ., அதற்கு 19.3 வேண்டும். ஆக அந்த நீல எஞ்சின் ஓடும் பாதையே நம்முடையது இல்லை. அது போகட்டும். கடையில் 9 மி.மீ. தண்டவாளமும் கிடைக்கிறது, இன்னும் சின்ன மாடல்களுக்காகச் செய்வது. 9ஐ 87ஆல் பெருக்கினால் 783. இரண்டரை அடி குறுகிய பாதை 762 மி.மீ. கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை.

அந்த இரண்டரை அடிப் பாதை எங்கே இருந்தது தெரியுமா? இங்கேதான். 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு, பிறகு 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வேண்டும் என்று போட்ட பாதைகள். பின்னால் இரண்டையும் மூடினார்கள். கிருஷ்ணகிரி இன்றைக்கு மாவட்டத் தலைநகர், ரயில் நிலையம் கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்த நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். ஊருக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது என்பதே அவர்களுக்குச் செய்தி. வெளிநாட்டுத் தண்டவாளம் அப்படியே பொருந்துகிற ஒரு பாதை நம் காலடியில் இருந்திருக்கிறது, நாம் பனிக்கூரைக்குப் பெயிண்ட் அடிக்கிறோம்!

ராய் இங்கிலாண்ட் என்று ஓர் ஆஸ்திரேலியர். 1925இல் இங்கிலாந்துக்கு வந்தார். ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரை வீடுகள் கண்ணெதிரே மாறுவதையும் இடிபடுவதையும் பார்த்தார். கட்டுரை எழுதிப் புலம்பாமல், வீடு வீடாக அளந்து அட்டையில் கட்டத் தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான் 1954இல் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகம். அவர் செத்த பிறகும் மற்றவர்கள் அந்தப் பள்ளத்தாக்கைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நம் நாட்டிலும் முடியாததில்லை, புனேயில் ஜோஷி குடும்பத்தின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998லிருந்து இருக்கிறது. அதைவிட, ஓசூரில் கைத்திறனுக்கா பஞ்சம்? வாட்ச் செய்கிற ஊர். மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் டூல்ரூம்கள் இருக்கிற ஊர். அந்தக் கை வீட்டுக்கு வந்ததும் கிட் தேடுகிறது.

பழம்பெருமை பேசுகிறாய் என்பார்கள். சரி, 1930களின் பெரிய ஸ்டேஷன் ஒன்றைக் கட்டுவோம். சாப்பாட்டு அறை வைக்க வேண்டும். தென்னிந்திய ரயில்வே நிலையங்களில் பிராமணர், பிராமணர் அல்லாதார் என்று தனித்தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு, 1941இல்தான் அது ஒழிந்தது. ஒழுங்காக அளந்து கட்டுகிறவன் அந்த இரண்டு பலகையையும் மூன்று மில்லிமீட்டரில் எழுதி ஒட்டியே ஆக வேண்டும். கிட்டில் அது வராது. பழம்பெருமைக்கு ஆசைப்படுகிறவன்தான் இந்த வேலைக்குப் பயப்பட வேண்டும்.

அதனால் கண்காட்சி நடத்துகிறவர்களிடம் கேட்பது இது: எஞ்சின் மேசையில் பாதியைக் காலி செய்யுங்கள். அந்தப் பெரியவரைக் கோடியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நுழைவு விதியாக ஒன்று போடுங்கள், ஒவ்வொரு லேஅவுட்டிலும் நேரில் போய் அளந்த கட்டடம் ஒன்றாவது இருக்கணும்.

நான் சூளகிரிப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். முன்னால் கல்தூண் வேலி, திண்ணை, ஓட்டில் பாசி. டேப்பைப் பிரித்ததும் வீட்டுக்கார அம்மா வெளியே வந்துவிட்டார்.

"எதுக்குப்பா அளக்கறே? சிப்காட்டா? ரோடா?"

"இல்லம்மா, இதே மாதிரி சின்னதா பொம்மை வீடு செய்யறதுக்கு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். உள்ளே போனார். பிளாஸ்டிக் கவரில் போட்ட பட்டாவோடு திரும்பி வந்தார்.